ஃப்ளோரன்ஸ் பழைய நகரில் காரை எங்கே நிறுத்துவது? முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு வாடகைக் காரில் சென்று திரும்பி ஏழு மாதங்கள் கழிந்த பிறகு, சென்னையிலுள்ள எங்கள் வீட்டுக்கு மூன்று பதிவுத் தபால்கள் வந்தன. மூன்றும் ஒரே பிற்பகலில் நாங்கள் செய்த ஒரே தவறுக்கான அபராத அறிவிப்புகள். விடுதி வாசலில் அப்பாவையும் அம்மாவையும் இறக்கிவிட்டு, பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டு, அதன் பிறகு காரை நிறுத்த இடம் தேடலாம் என்று எண்ணி, வெளியார் வண்டிகளுக்குத் தடையுள்ள பழைய நகரின் குறுகிய தெருக்களுக்குள் நுழைந்ததுதான் அந்தத் தவறு. இடம் தேடிச் சுற்றிய நாற்பது நிமிடங்களில் மூன்று கேமராக்கள் எங்கள் வண்டி எண்ணைப் படம் பிடித்திருந்தன. அந்த நாற்பது நிமிடத்திலும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் முறை சென்றபோது ஒரு யூரோகூட அபராதம் கட்டாமல், ஒரு நிமிடம்கூட இடம் தேடி அலையாமல் திரும்பினோம். இடையில் கற்றுக்கொண்டவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். அவற்றில் முதன்மையானது இதுதான்: உங்கள் கார் எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பது, நீங்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

1. கார் தேவைதானா, எந்த நாளில் தேவை என்பதை முடிவு செய்யுங்கள்

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்று நகரங்களை மட்டும் பார்ப்பதாகத் திட்டமிருந்தால் கார் வேண்டாம். ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அங்கிருந்து பழைய நகரின் நடுவே உள்ள பேராலயம் பத்து நிமிட நடைதான். காரில் வந்தால் சுமார் 275 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரமாவது ஆகும். அதன் மேல் சுங்கக் கட்டணமும் நிறுத்தக் கட்டணமும் சேரும்.

கியாந்தி மலைச்சரிவுகள், சான் ஜிமிஞானோ போன்று ரயில் செல்லாத ஊர்களைப் பார்க்க விரும்புவோருக்குத்தான் கார் உண்மையில் பயன்படும். அவர்களும் ஃப்ளோரன்ஸில் தங்கும் நாள்களைக் கார் இல்லாமலேயே முடித்துவிட்டு, நகரை விட்டுப் புறப்படும் காலையில் விமான நிலையத்தில் காரை எடுத்துக்கொள்வதே நல்லது. சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தருகிலிருந்து டி2 டிராம் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் விமான நிலையத்துக்குச் சென்றுவிடும். நகரின் நடுவே உள்ள வாடகைக் கார் கிளைகளில் வாடகை சற்றுக் குறைவாகத் தெரியலாம். ஆனால் அவற்றில் பல, தடை செய்யப்பட்ட பகுதிக்கு உள்ளேயோ அதன் விளிம்பிலோ இருப்பதால், காரைத் திருப்பிக் கொடுக்க வரும்போது ஒரு தெரு தவறித் திரும்பினாலும் அபராதம் வந்துவிடும். விமான நிலையக் கிளையில் அந்த அச்சமில்லை.

சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சொந்தக் காரில் குடும்பத்தோடு வரும் தமிழர்களுக்கு இந்தத் தெரிவு இல்லை. அவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து படிக்கலாம்.

2. விசா கைக்கு வந்ததும் ஓட்டுநர் ஆவணங்களைத் தொடங்குங்கள்

இந்திய ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இத்தாலியில் கார் ஓட்ட முடியாது. அதனுடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்குகிறது. விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் உங்கள் உரிமம் அதற்கு முன்பே காலாவதியாவதாக இருந்தால், முதலில் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

உரிமம், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களையும் புகைப்படங்களையும் ஆயத்தமாக வைத்திருங்கள். மருத்துவச் சான்றும் பயணச்சீட்டின் நகலும் கேட்கப்படுவதுண்டு என்பதால் அவற்றையும் முதல் முறையே எடுத்துச் சென்றால் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்காது. விசா நகல் வேண்டியிருப்பதால்தான் இந்த வேலைக்குக் கால நெருக்கடி வருகிறது. ஷெங்கன் விசாவுக்கு வழக்கமாகப் பதினைந்து நாள்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். விசா வருவதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே குறைந்தது இரண்டு வாரங்களாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை நிறுவனத்தின் மேசையில் இந்த அனுமதி, அசல் உரிமம், கடவுச்சீட்டு, ஓட்டுபவரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு ஆகிய நான்கையும் கேட்பார்கள். கார்டு கணவர் பெயரிலும் முன்பதிவு மனைவி பெயரிலும் இருந்தால் பல இடங்களில் காரைத் தர மறுத்துவிடுவார்கள். முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள் என்பதால் கார்டின் வரம்பில் இடம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அபராத அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் நிறுவனம் எவ்வளவு கையாளும் கட்டணம் வசூலிக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரி பின்னால் எப்படிச் செலவு வைக்கும் என்பதை ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.

3. தடை வளையத்தின் நேரத்தையும் பலகையையும் மனப்பாடம் செய்யுங்கள்

ஃப்ளோரன்ஸின் பழைய நகர் முழுவதும், குடியிருப்போரும் அனுமதி பெற்றோரும் மட்டுமே வண்டி ஓட்டக்கூடிய பகுதி. இந்தத் தடை வளையத்தின் பெயர் இசட்.டி.எல். (ZTL) என்ற மூன்று எழுத்துகளில் பலகைகளில் இருக்கும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கரையிட்ட குறி, அதன் கீழே நேரம், பக்கத்தில் மின்பலகை, மேலே கேமரா; ஒவ்வொரு நுழைவாயிலும் இப்படித்தான் இருக்கும். தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்கமாட்டார். யாரும் உங்களை நிறுத்தாததால், நுழைந்தது தவறு என்பதே பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரியவரும்.

தடை நடைமுறையில் இருக்கும் நேரம், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் இரவு 8 மணி வரை. சனிக்கிழமை காலை 7.30 முதல் மாலை 4 மணி வரை. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலான கோடைக்காலத்தில் வியாழன், வெள்ளி, சனி இரவுகளிலும் 11 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தடை உண்டு. மாலை உணவுக்குப் பின் காரை எடுக்கலாம் என்று நினைப்போர் சிக்குவது இந்தக் கோடை இரவு நேரத்தில்தான். ஞாயிறு பகலில் வளையம் செயல்படாது. பெட்டிகளோடும் முதியவர்களோடும் விடுதி வாசல் வரை செல்ல வேண்டியவர்கள், ஊருக்கு வந்து சேரும் நாளை ஞாயிறாக வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

மின்பலகையில் உள்ள சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்வது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான செய்தி. 'வார்க்கோ அத்தீவோ' என்று எழுதியிருந்தால் வாயில் செயல்பாட்டில் இருக்கிறது, அதாவது கேமரா படம் பிடிக்கிறது, நீங்கள் நுழையக் கூடாது என்று பொருள். நாங்கள் அதை வாயில் திறந்திருக்கிறது என்று படித்தோம். மூன்று அறிவிப்புகளுக்கும் அந்தத் தவறான வாசிப்பும் ஒரு காரணம். 'வார்க்கோ நொன் அத்தீவோ' என்று இருந்தால் மட்டுமே செல்லலாம். 'நொன்' என்ற சொல் இருந்தால் போகலாம், அது இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று அம்மா ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். ஓட்டுபவருக்கு அருகில் அமர்ந்திருப்பவர் இதைப் பார்த்துச் சொல்வது ஓட்டுபவருக்குப் பெரும் உதவி.

வளையம் செயல்படாத நேரத்திலும் பேருந்துக்கான தனிப்பாதைகளிலும் நடைபாதைத் தெருக்களிலும் செல்லக் கூடாது. அங்கே வேறு கேமராக்கள் உண்டு. கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி இந்த வளையத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். விடுதியின் முகவரியைச் செயலியில் இடாதீர்கள். நிறுத்துமிடத்தின் பெயரை மட்டும் இடுங்கள்.

4. நிறுத்துமிடத்தை வீட்டிலிருந்தே தேர்ந்தெடுங்கள்

நான்கு வகையான தெரிவுகள் உண்டு. எங்கள் அனுபவத்தில் எது மேல் என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் தெரிவு, நகருக்கு வெளியே ஸ்கந்திச்சியிலுள்ள வில்லா கொஸ்தான்ஸா. இது ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து நேராக நுழையும் நிறுத்துமிடம். ரோம் பக்கத்திலிருந்து வந்தாலும் பொலோஞா பக்கத்திலிருந்து வந்தாலும் சுங்கச்சாவடியைக் கடக்காமலேயே உள்ளே வரலாம். காரை நிறுத்திவிட்டுச் சில அடிகள் நடந்தால் டி1 டிராமின் முனைய நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கு இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். டிராம் கட்டணம் நாங்கள் சென்றபோது ஒருவருக்கு 1.70 யூரோ. நாள் முழுவதும் காரை நிறுத்துவதற்கு ஆகும் செலவு, நகரின் நடுவே சில மணி நேரம் நிறுத்துவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவு. காலையில் வந்து இரவு திரும்புவோருக்கு இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

இங்கே மூன்று செய்திகளைக் கவனியுங்கள். நெடுஞ்சாலையில் நுழைந்தபோது எடுத்த சுங்கச் சீட்டைக் காரிலோ பணப்பையிலோ பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் இன்னும் நெடுஞ்சாலையை விட்டு வெளியேறவில்லை என்பதால் இறுதியில் வெளியேறும் சாவடியில் அது வேண்டும். அது தொலைந்துவிட்டால் மிகத் தொலைவான சாவடியிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டுக் கட்டணம் கேட்பார்கள். இரண்டாவதாக, இங்கிருந்து காரோடு நகருக்குள் இறங்க வழி கிடையாது. மீண்டும் நெடுஞ்சாலைக்குத்தான் செல்ல முடியும். எனவே பெட்டிகளைக் காரில் கொண்டுபோய் விடுதியில் வைக்க வேண்டியவர்களுக்கு இது பொருந்தாது. மூன்றாவதாக, டிராமில் ஏறியவுடன் பயணச்சீட்டை அங்குள்ள கருவியில் முத்திரையிட வேண்டும். சீட்டு வாங்கியிருந்தும் முத்திரையிடாமல் பயணம் செய்தால் அதற்கும் அபராதம் உண்டு.

இரண்டாவது தெரிவு, பழைய நகரைச் சுற்றி ஓடும் அகன்ற வளையச் சாலையை ஒட்டிய பொது நிறுத்துமிடங்கள். இந்தச் சாலைகளை வியாலி என்கிறார்கள். ஆர்னோ ஆற்றின் வடகரையில், பேருந்துத் தடத்தில் ஏறாமல் வியாலியில் ஓட்டும் வரை தடை வளையத்தின் கவலை இல்லை. வடக்கே லிபெர்தா சதுக்கத்தருகே உள்ள பார்த்தெர்ரே, கிழக்கே பெக்காரியா, ஆற்றுக்குத் தெற்கே ரோமானா வாயிலருகே உள்ள ஒல்த்ரார்னோ ஆகிய மூன்றும் பயன்படும். பார்த்தெர்ரேயிலிருந்தும் பெக்காரியாவிலிருந்தும் பேராலயத்துக்குச் சுமார் இருபது நிமிடம் நடக்க வேண்டும். ஓரிரு இரவு தங்குவோருக்கு இவையே ஏற்றவை. நாங்கள் இரண்டாம் முறை ஓர் இரவு தங்கியபோது பார்த்தெர்ரேயில் நிறுத்திவிட்டு, அப்பாவின் முழங்கால் வலிக்காக வாடகை டாக்ஸியில் விடுதிக்குச் சென்றோம். டாக்ஸிகளுக்குத் தடை வளையம் பொருந்தாது. நிறுத்தக் கட்டணம் இடத்தைப் பொறுத்து மணிக்குச் சுமார் 2 யூரோவிலிருந்து 4 யூரோ வரை ஆகலாம். நாள் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் நாள் கட்டணம் உண்டா என்று நுழையும்போதே கேளுங்கள், ஏனெனில் மணிக்கணக்கில் சேரும் தொகை அதைவிட மிக அதிகமாகிவிடும்.

மூன்றாவது, சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தின் நிலத்தடி நிறுத்துமிடம். தடை வளையத்தைத் தொடாமல் வந்து சேரலாம், பேராலயத்துக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் கட்டணம் அதிகம். மூன்று நான்கு மணி நேரம் மட்டும் ஊரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவோருக்குச் சரி.

நான்காவது, வளையத்துக்கு உள்ளேயே இருக்கும் தனியார் கராஜ்கள். நாளொன்றுக்குச் சுமார் 30 யூரோவிலிருந்து தொடங்கி, காரின் நீளத்துக்கு ஏற்ப உயரும். உங்கள் வண்டி எண்ணைக் கராஜே நகராட்சியில் பதிவு செய்து தரும் என்றால் மட்டும் இதை எண்ணிப் பாருங்கள். பதிவு செய்வீர்களா என்பதை முன்பதிவின்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்த இடமானாலும் பெட்டிகளையும் கைப்பைகளையும் வெளியே தெரியும்படி காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

5. விடுதி வாசல் வரை செல்ல வேண்டுமானால் வண்டி எண்ணை முன்னே அனுப்புங்கள்

வளையத்துக்குள் இருக்கும் விடுதியில் தங்குவோர், பெட்டிகளை இறக்குவதற்காகக் காரில் உள்ளே வர வழியுண்டு. விடுதி உங்கள் வண்டி எண்ணை நகராட்சியின் அமைப்பில் பதிவு செய்தால், அந்த நுழைவுக்கு அபராதம் வராது. இந்த அனுமதி இறக்கி ஏற்றுவதற்கு மட்டுமே. இறக்கியதும் காரை நிறுத்துமிடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வாடகைக் காரின் எண் காரை எடுக்கும்போதுதான் தெரியும் என்பதால், சாவி கைக்கு வந்ததும் எண் பலகையைப் படமெடுத்து விடுதிக்கு அனுப்புங்கள். வந்து சேரும் நாளையும் நேரத்தையும் அதிலேயே எழுதுங்கள். பதிவு செய்துவிட்டோம் என்ற பதில் வரும் வரை வளையத்துக்குள் நுழையாதீர்கள். எங்கள் விடுதியில் பார்த்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்னதை நம்பினோம். எங்கள் எண் பதிவாகவே இல்லை. அவர்கள் மீது முழுப் பழியையும் போட மாட்டேன், கேட்டு உறுதி செய்திருக்க வேண்டியது நாங்கள்தான். ஓர் எழுத்து மாறினாலும் பதிவு செல்லாது என்பதால், அவர்கள் அனுப்பும் பதிலில் எண்ணை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். வீட்டைப் பகிர்ந்து வாடகைக்கு விடும் தங்குமிடங்களில் இந்த ஏற்பாடு இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கட்டாயம் முன்கூட்டியே கேளுங்கள்.

6. தெருவோரத்தில் நிறுத்துவதானால் கோட்டின் நிறத்தோடு பலகையையும் படியுங்கள்

நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் வளையத்துக்கு வெளியே தங்குவோருக்குத் தேவைப்படலாம். நீலக் கோடு கட்டணம் செலுத்த வேண்டிய இடம். அருகிலுள்ள இயந்திரத்தில் பணம் கட்டிச் சீட்டு எடுக்க வேண்டும். மஞ்சள் கோடு ஒதுக்கப்பட்ட இடம், நிறுத்தவே கூடாது. வெள்ளைக் கோடு இத்தாலியின் பல ஊர்களில் இலவசம் என்பதால் பயணிகள் மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார்கள். ஃப்ளோரன்ஸில் பல தெருக்களில் அது குடியிருப்போருக்கு மட்டுமே உரியது. பலகையில் 'ரெஸிதெந்தி' என்ற சொல் இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பலகையில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்களின் படம் வேலை நாள்களைக் குறிக்கும். சனிக்கிழமையும் அதில் அடங்கும் என்பது நம்மவர்கள் தவறவிடும் செய்தி. சிலுவைப் படம் ஞாயிறையும் விடுமுறைகளையும் குறிக்கும். தெருவைக் கழுவும் இரவுகளுக்கென்று தனிப் பலகை உண்டு. அதில் கிழமையும் நேரமும் இருக்கும், வண்டியை இழுத்துச் செல்லும் படமும் இருக்கலாம். மாலையில் காலியாகக் கிடக்கும் தெருவைக் கண்டால், முதலில் அந்தப் பலகையைத் தேடுங்கள்.

7. அபராத அறிவிப்பு வந்துவிட்டால்

முதலில் வருவது பெரும்பாலும் அபராதமல்ல. வாடகை நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் காவல் துறைக்குக் கொடுத்ததற்கான கையாளும் கட்டணத்தை உங்கள் கிரெடிட் கார்டில் எடுத்துக்கொள்ளும். வழக்கமாக ஓர் அறிவிப்புக்கு 30 முதல் 60 யூரோ வரை. இதைக் கட்டியதோடு விவகாரம் முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அசல் அபராதம் தனியே, பின்னால் வரும்.

வெளிநாட்டில் வசிப்போருக்கு அறிவிப்பு அனுப்ப 360 நாள்கள் அவகாசம் உண்டு. வாடகைக் காரென்றால் ஓட்டியவர் யாரென்று தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். எனவே ஓராண்டுக்குப் பிறகும் தபால் வரலாம். வாடகை ஒப்பந்தம், விடுதியின் மின்னஞ்சல், நிறுத்துமிட ரசீதுகள் ஆகியவற்றை அதுவரை வைத்திருங்கள். எங்களுக்கு ஒவ்வொரு வாயிலைக் கடந்ததும் தனித்தனிக் குற்றமாகவே கணக்கிடப்பட்டது. தடை வளையத்தில் நுழைந்ததற்கான தொகை 83 யூரோ. அதன் மேல் அஞ்சல் செலவு சேரும். அறிவிப்பு கிடைத்த ஐந்து நாள்களுக்குள் கட்டினால் முப்பது விழுக்காடு குறைந்து 58.10 யூரோவாகும். அறுபது நாள்களைத் தாண்டினால் ஏறத்தாழ இரு மடங்காகும். இந்திய வங்கியிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் ஐந்து நாள்கள் அதிலேயே கழிந்துவிடக்கூடும் என்பதால், அறிவிப்பில் கொடுத்துள்ள இணையதளத்தில் கார்டு வழியாகக் கட்டுவதே பாதுகாப்பு. தபாலை வாங்கிய நாளை உறையின் மீதே எழுதி வையுங்கள். வீட்டில் இல்லாதபோது அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்டு வாங்கினாலும் நாள் கணக்கு தொடங்கிவிடும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

விடுதியோ கராஜோ உங்கள் எண்ணைப் பதிவு செய்ததற்கு எழுத்துச் சான்று இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். பிரெஃபெத்தோ எனப்படும் அரசு அதிகாரிக்கு அறுபது நாள்களுக்குள் கட்டணமின்றி எழுதலாம். அமைதி நீதிபதியின் மன்றத்துக்குச் செல்வதானால் இத்தாலியில் வசிப்போருக்கு முப்பது நாள்கள், வெளிநாட்டில் வசிப்போருக்கு அறுபது நாள்கள். அபராதத்தைக் கட்டிவிட்ட பின் மேல்முறையீட்டுக்கு இடமில்லை என்பதால், எந்த வழியில் செல்வது என்பதை அந்த ஐந்து நாள்களுக்குள்ளேயே முடிவு செய்யுங்கள். எங்களிடம் சான்று எதுவும் இல்லை. மூன்றையும் நான்காம் நாளில் கட்டிவிட்டோம்.